உட்கார்ந்த இடத்து உழைப்பும் உடலின் உரிமையும்

 

நாம் தொழும் பள்ளிவாசலின் கடைசி வரிசையில் இன்று ஒன்பது நாற்காலிகள் கிடக்கின்றன. பத்தாண்டுகளுக்கு முன்பு இரண்டே இருந்தன. அவற்றில் அமர்ந்தவர்களும் முட்டி தேய்ந்த முதியவர்கள். நாற்காலிகள் பெருகி வருவதைக் கண்டு, ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நிகழ்த்திய சிறு பயானில் நாம் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டோம். கடைத்தெருவுக்கும் கல்யாண விருந்துக்கும் தடையின்றிச் செல்லும் கால்கள், படைத்தவன் முன்னிலையில் மட்டும் மடங்க மறுப்பது ஏன் என்று கேட்டோம். சிலர் சிரித்தார்கள். பேச்சு நன்றாக அமைந்துவிட்டது என்று நமக்கும் ஒரு நிறைவு இருந்தது.

சென்ற ஆண்டு ஒரு ஃபஜ்ருத் தொழுகையின்போது அந்த நாற்காலிகளுள் ஒன்றில் 29 வயது இளைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். நம்மிடம் அலிஃப், பே தொடங்கி ஓதிய மாணவர். சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணி. தொழுகை முடிந்ததும் அவரருகே சென்று, "என்ன வாப்பா, இந்த வயசிலேயே நாற்காலியா?" என்று கேட்டோம். கேட்ட தொனி நல்ல தொனியன்று. அவர் மரியாதைக்காக எழ முயன்று, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றார்.

"தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலை ஹஜ்ரத். இடுப்புல இருந்து கால் வரைக்கும் இழுக்குது. கழுத்தும் திரும்ப மாட்டேங்குது" என்றார்.

அப்போதுதான் நமக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு அவருடைய தாயார் மதரஸாவுக்கு வந்திருந்தார். மகன் கழுத்து வலிக்கிறது, முதுகு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான், துஆச் செய்யுங்கள் என்று கேட்டார். ஐவேளைத் தொழுகையைப் பேணும் உடலுக்கு வேறு உடற்பயிற்சி தேவையில்லை என்று அவருக்குப் பதில் கூறினோம். வெயிலில் நின்று சுமை தூக்காமல் நிழலில் அமர்ந்து விரல்களை மட்டும் அசைப்பவருக்கு என்ன பெரிய வலி வந்துவிடப் போகிறது, பொறுமையைக் கடைப்பிடிக்கச் சொல்லுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டோம். தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தனுப்பினோம். அந்தத் தாயார் நாம் கூறியதை அப்படியே மகனிடம் சொல்லியிருக்கிறார். ஆசிரியரின் சொல்லை மதிக்கும் பிள்ளை அவர். மருத்துவரைக் காண்பதை ஓராண்டு தள்ளிப்போட்டார்.

இதில் இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. அந்தத் தாயாருக்கு அறிவுரை கூறிய நாள்களில் நம் வலக்கையும் இரவுதோறும் மரத்துப்போய்க்கொண்டிருந்தது.

2020 மார்ச் இறுதியில் பொதுமுடக்கம் வந்து மதரஸா பூட்டப்பட்டபோது, மடிக்கணினி ஒன்றை வாங்கி இணையவழியில் ஓதிக்கொடுக்கத் தொடங்கினோம். முடக்கம் நீங்கிய பின்பும் அது நிற்கவில்லை. வெளிநாடுகளில் வாழும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுவே மக்தப் ஆயிற்று. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. துபாய் ஒன்றரை மணி பின்னே. லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்னே. அஸருக்குப் பின் சிங்கப்பூர்ப் பிள்ளைகளோடு தொடங்கினால், இரவு 11 மணியளவில் லண்டன் பிள்ளைகளோடு முடியும். தரையில் பாய் விரித்து, சம்மணமிட்டு, குர்ஆன் வைத்து ஓதும் ரைஹால் பலகையின் உயரத்தில் ஒரு சிறு மேசை, அதன்மீது மடிக்கணினி. காலையில் மதரஸா, மாலையில் இது. தரையில் அமர்வது எளிமை, பணிவு, நம் பெரியோர்களின் வழி என்றெல்லாம் நாமே நம்மை மெச்சிக்கொண்டிருந்தோம். எத்தனை மணி நேரம், எந்த உயரத்தில், தலையை எவ்வளவு குனிந்து என்னும் கேள்விகள் நமக்குத் தோன்றவேயில்லை.

முதலில் கட்டைவிரலும் அதையடுத்த இரண்டு விரல்களும் மரத்தன. நள்ளிரவில் விழித்துக் கையை உதறினால் சற்றுத் தணியும். பிறகு தேநீர்க் குவளை கைநழுவியது. கரும்பலகையில் எழுதும்போது சுண்ணக்கட்டி விழுந்தது. முதல் வரிசைப் பிள்ளை எடுத்துக் கொடுத்தது. வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. பிறருக்குப் பொறுமையைப் போதித்தவர் தம் கைவலியை எப்படிச் சொல்வார்?

நாற்காலியில் மாணவரைக் கண்ட அன்றைக்குத்தான் நாம் பாளையங்கோட்டையிலுள்ள ஓர் இயன்முறை மருத்துவரிடம் சென்றோம். எங்கே வலிக்கிறது என்று கேட்பார் என எதிர்பார்த்தோம். அவர் கேட்டதோ, "நீங்கள் வேலை செய்யும்போது வீட்டில் யாரையாவது பக்கவாட்டிலிருந்து ஒரு புகைப்படம் எடுக்கச் சொல்ல முடியுமா?" என்பதே. மறுநாள் மகள் எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். அந்தப் படத்தில் இருந்தவரை நமக்கே அடையாளம் தெரியவில்லை. முதுகு வில்லாக வளைந்து, மோவாய் நெஞ்சைத் தொடும் அளவுக்குத் தலை தொங்கி, இரு மணிக்கட்டுகளும் பலகையின் கூரான விளிம்பில் அழுந்திக்கிடந்தன.

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது கழுத்தெலும்பு அந்த எடையை மட்டும் தாங்குகிறது. குனியக் குனியச் சுமை பெருகுகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார். தலை 15 பாகை சாய்ந்தால் ஏறத்தாழ 12 கிலோ, 30 பாகையில் 18 கிலோ, 45 பாகையில் 22 கிலோ, 60 பாகையில் 27 கிலோ. இது கணக்கீட்டு மாதிரியே. எவர் கழுத்திலும் எடைக்கல்லைத் தொங்கவிட்டு அளந்ததன்று. ஆயினும் அந்தக் கடைசி எண்ணைக் கேட்டபோது, மளிகைக் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் 26 கிலோ அரிசிச் சிப்பம் நம் கண்முன் வந்தது. நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் அதைக் கழுத்தில் ஏற்றிவைத்துக்கொண்டு, நிழலில் அமர்ந்து செய்யும் சுகமான வேலை என்று சொல்லிவந்திருக்கிறோம்.

கையைப் பற்றியும் மருத்துவர் விளக்கினார். மணிக்கட்டின் உட்புறத்தில், எலும்புகளுக்கும் தடித்த ஒரு நார்ப்பட்டைக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் அந்த ஒரே வழியில்தான் உள்ளங்கைக்குச் செல்ல வேண்டும். உள்ளே வீக்கம் ஏற்பட்டாலோ வெளியிலிருந்து அழுத்தம் விழுந்தாலோ முதலில் வருந்துவது நரம்பு. சுண்டுவிரல் மரக்காமல் மற்ற விரல்கள் மரப்பதற்குக் காரணம், நடு நரம்பு சுண்டுவிரலுக்குச் செல்வதில்லை என்பதே. கணினியே காரணமா என்று கேட்டோம். அவர் நேர்மையாகப் பதில் கூறினார். தட்டச்சு மட்டுமே இந்நோயை உண்டாக்குகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது; நீரிழிவும் தைராய்டுக் குறைபாடும்கூட இதற்கு இடம் கொடுக்கும்; முதலில் இரத்தத்தைப் பரிசோதியுங்கள் என்றார். பரிசோதித்ததில் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மணிக்கட்டை விளிம்பில் அழுத்தி வைத்தது ஒருபுறம், அசையாமல் அமர்ந்து வளர்த்த சர்க்கரை மறுபுறம். ஒரே இருப்பின் இரண்டு விளைவுகள்.

வீடு திரும்பும்போது நம் பாட்டனாரின் தறியை எண்ணிக்கொண்டே வந்தோம். மேலப்பாளையத்தில் பிறந்த எவருக்கும் தறிச் சத்தமும் பீடிச் சுளகும் அந்நியமல்ல. பாட்டனார் குழித்தறி நெசவாளர். தறிக்குழியின் ஆழம் நெய்பவரின் கால் அளவுக்கேற்ப வெட்டப்படும். மிதியைப் பாதம் எட்டவும் வேண்டும், முழங்கால் நெஞ்சில் இடிக்கவும் கூடாது. பாட்டனாருக்குப் பின் பெரிய வாப்பா அந்தத் தறியில் அமர்ந்தபோது, அவர் உயரமானவர் என்பதால் குழியை நான்கு விரற்கடை ஆழப்படுத்தினார்களாம்; உம்மா சொல்லக் கேட்டிருக்கிறோம். போலந்து நாட்டு அறிஞர் யஸ்ட்ஷெம்போவ்ஸ்கி 1857இல் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இந்தக் கலைக்கு ஒரு பெயர் வைத்தார். எர்கோன் என்றால் வேலை. நோமோஸ் என்றால் விதி. அதைத்தான் இன்று எர்கோனாமிக்ஸ் என்றும் பணிச்சூழலியல் என்றும் அழைக்கிறார்கள். கருவிக்கு ஏற்ப மனிதனை வளைக்காமல் மனிதனுக்கு ஏற்பக் கருவியை அமைப்பது. பெயரை அறியாமலேயே நம் ஊரார் மண்வெட்டியால் அதைச் செய்திருக்கிறார்கள்.

இதனால் அக்காலத்து உழைப்பெல்லாம் நோயற்றது என்று எண்ணிவிடலாகாது. பாட்டனார் பஞ்சுத் தூசியில் இருமினார். உம்மா மடியில் சுளகை வைத்துக் குனிந்த தலை நிமிராமல் நாளொன்றுக்கு ஆயிரம் பீடி சுற்றினார். நாற்பது வயதிலேயே அவருடைய முதுகு வளைந்துவிட்டது. முன்னோர் உழைத்தார்கள், வலியென்று சொன்னதில்லை என்று நாம் பெருமையோடு பேசுகிறோம். அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். வலி இருந்தது. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் எழுதினார். அதன் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களின் நோய்க்கு மூன்று காரணங்களைக் கூறுகிறார்: ஓயாமல் அமர்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டிருப்பது, தவறு நேராதிருக்க மனம் படும் பாடு. மின்சாரமே இல்லாத காலத்தில் எழுதப்பட்டது அது. நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு "உம் தொழில் என்ன?" என்பதையும் மருத்துவர்கள் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. மூன்று நூற்றாண்டுகள் கழித்தும் நாம் அந்தத் தாயாரிடம் அக்கேள்வியைக் கேட்கவில்லை. உங்கள் மகன் எங்கே அமர்ந்து வேலை செய்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவர் சொல்லியிருப்பார்.

அவர் கட்டிலில் அமர்ந்து வேலை செய்திருக்கிறார். பொதுமுடக்கத்தில் ஊருக்கு வந்தவர், வீட்டிலிருந்தே வேலை என்று இரண்டாண்டுகளுக்கு மேல் இங்கேயே இருந்தார். நிறுவனம் தந்த நல்ல நாற்காலி சென்னை அலுவலகத்தில் காலியாகக் கிடந்தது. இங்கே தலையணையின்மீது மடிக்கணினி, சுவரில் சாய்ந்த முதுகு, நீட்டிய கால்கள். அமெரிக்க வாடிக்கையாளர்களின் நேரத்தை ஒட்டி மாலையில் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் நீளும் வேலை. நாளொன்றுக்கு 11 மணி நேரம், வாரத்தில் ஆறு நாள்கள். கூட்டினால் 66 மணி நேரம். உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் கூடுதல் என்று அது மதிப்பிட்டது. ஊரில் அவரைப் பற்றி எல்லோரும் கேட்டது, சம்பளம் எவ்வளவு என்பது மட்டுமே. நாமும் கேட்டோம்.

இப்போது நாம் கூறிய அந்த வாக்கியத்துக்கு வருவோம். தொழுகை இருக்க வேறு உடற்பயிற்சி எதற்கு? நம் சமுதாயத்தில் இதைக் கூறாத மேடை இல்லை. மருத்துவரிடமும் இதைச் சொன்னோம். அவர் மறுக்கவில்லை, கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டுப் பார்த்தோம். ஒரு நாளின் கடமையான தொழுகைகள் 17 ரக்அத்கள். ருகூஉ 17, ஸஜ்தா 34. முதுகுத்தண்டை முன்னோக்கி மடக்கி, மீண்டும் நிமிர்த்தி, முட்டியையும் கணுக்காலையும் முழுமையாக மடக்கும் அசைவு இது. நாளெல்லாம் நாற்காலியில் இருப்பவருக்கு இது பெரும் வரம் என்பதில் ஐயமில்லை. ஆனால், பகலில் பணிபுரிபவரின் அலுவல் நேரத்துக்குள் வருபவை லுஹரும் அஸரும் மட்டுமே. அவையும் ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள் முடிகின்றன. காலை 9 மணிக்கு அமர்ந்தவர் லுஹருக்கு எழும்வரை நான்கு மணி நேரம் அசைவதில்லை.

லண்டன் நகரின் இரட்டை மாடிப் பேருந்துகளில் பணிபுரிந்தவர்களை ஆராய்ந்து மருத்துவர் ஜெர்ரி மோரிஸ் 1953இல் வெளியிட்ட முடிவு பலரும் அறிந்தது. ஒரே பேருந்து, ஒரே வேலை நேரம். அமர்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, நாளெல்லாம் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. பிறகு 2016இல் லான்செட் மருத்துவ இதழில், 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்த ஆய்வு ஒன்று வந்தது. நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் அமர்ந்திருப்பதால் கூடும் மரண ஆபத்தை, விரைவு நடை போன்ற 60 முதல் 75 நிமிட உழைப்பு ஈடுசெய்யக்கூடும் என்றது அது. நம் ஐவேளைத் தொழுகை அந்த 60 நிமிட விரைவு நடைக்கு ஈடாகாது. தொழுகை அதற்காக விதிக்கப்படவும் இல்லை. வணக்கத்தை மருந்தாக விளம்பரம் செய்யப்போய் மருந்து தேவைப்பட்ட ஒருவரைத் தடுத்துவிட்டோம். பள்ளிவாசலுக்கு இரு சக்கர வாகனத்தில் வராமல் நடந்து வந்தாலாவது கணக்கு சற்று மாறும். நம் தெருவிலிருந்து பள்ளிக்கு 400 மீட்டர்தான், அதற்கும் வண்டி எடுப்பவர்களுள் நாமும் ஒருவராக இருந்தோம்.

ஆனால் உம்மாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாங்கொலி கேட்டால் சுளகைக் கீழே வைத்துவிடுவார். சுற்றிக்கொண்டிருக்கும் பீடி பாதியில் நின்றாலும் சரி. எழுந்து கொல்லைக்கு நடந்து, ஒளூச் செய்து, தொழுது, சிறிது நேரம் வாசலில் நின்றுவிட்டுத்தான் மீண்டும் அமர்வார். தொழுகையை அவர் உடற்பயிற்சி என்று ஒருநாளும் சொன்னதில்லை. இருப்பை முறித்துக்கொள்ளும் வேளையாக அது தானே அமைந்தது. இன்று கைப்பேசியில் பாங்கு ஒலிக்கிறது. ஒரு விரலால் அணைத்துவிட்டு, இந்த மின்னஞ்சலை முடித்துவிடுவோம் என்று வேலையில் அமர்ந்துவிடுகிறோம்.

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று அறிவுறுத்திய செய்தியை நாம் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமவாசிகளுக்குச் செய்துகொள்ளுமாறு நபியவர்கள் கூறியதும் நம் பாடத்தில் உண்டு. மூல நோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிட்டால் அமர்ந்து தொழும் சலுகை வழங்கப்பட்டதும் உண்டு. நாற்காலிகளை எள்ளி நகையாடிய அந்த அஸர் பயானின்போது இம்மூன்றும் நம் நினைவில் எங்கே போயின என்பது தெரியவில்லை.

மாணவருக்கு எம்ஆர்ஐ எடுத்ததில் இடுப்பில் ஒரு முதுகெலும்பு இடைவட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதாக வந்தது. அறுவை வேண்டாம், பல மாதப் பயிற்சியால் தணிய வாய்ப்புண்டு என்று மருத்துவர் கூறிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஊதியமில்லா விடுப்பில் நான்கு மாதம் போயிற்று. பேசி முடித்திருந்த நிக்காஹ்வைப் பெண் வீட்டார் தள்ளிவைத்தார்கள். மாப்பிள்ளை நாற்காலியில் தொழுகிறாராமே என்று அங்கே யாரோ கேட்டார்களாம். நம் பயானின் சொற்கள் அந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

அவருடைய தாயாரிடம் மன்னிப்புக் கேட்பதற்காக ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். நடு அறைத் திரைக்குப் பின்னே நின்றுகொண்டு அவர் பேசினார். "துஆச் செஞ்சீங்க ஹஜ்ரத், அதுல ஒரு குறையும் இல்லை. டாக்டர்ட்டையும் காட்டுங்கன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிருந்தீங்கன்னா, அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருப்பேன்." அதில் கோபமில்லை. கோபித்திருந்தால் நமக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அன்று அவருடைய அறையையும் பார்த்தோம். கட்டிலிலிருந்து வேலை மேசைக்கு மாறியிருந்தது. மடிக்கணினியின் இடர் என்னவென்றால், திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து குனிய வேண்டும். கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கையும் தோளும் உயர வேண்டும். இரண்டையும் பிரிப்பது ஒன்றே வழி. மடிக்கணினியைத் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்வரை உயர்த்திவிட்டு, தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கிக் கீழே வைத்துக்கொள்கிறார். நமக்கும் அதையே அமைத்துத் தந்தார். எதன்மீது உயர்த்துவது என்று தேடியபோது, தடித்த அட்டையுள்ள பெரிய நூல்களாக நம் அலமாரியில் இருந்தவை தஃப்ஸீர் கிதாபுகள்தாம். அவற்றின்மீது கணினியை வைக்க மனம் எப்படி ஒப்பும்? உம்மாவின் பழைய மணைப்பலகைகள் இரண்டு உதவின. பீடி சுற்றும்போது அவர் அமர்ந்த பலகைகள்.

விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் ஆயிரம் ரூபாய்க்குள் ஆயிற்று. இப்போது தரையை விட்டு நாற்காலிக்கு வந்துவிட்டோம். முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்குகிறது. மணிக்கட்டு எதிலும் அழுந்துவதில்லை. திரை ஒரு கை நீளத்தில் நிற்கிறது. இடுப்புக்குப் பின்னால் பழைய கைலி ஒன்றைச் சுருட்டி வைத்திருக்கிறோம். பாதம் தரையில் படாமல் தொங்கியதால் காலடியில் இரண்டு செங்கற்கள். அரை மணி வகுப்பு முடிந்ததும் ஐந்து நிமிடம் எழுந்து நடக்கிறோம். அடுத்த பிள்ளை காத்திருக்கட்டும். கண்ணுக்கு ஒரு பழக்கத்தைக் கண் மருத்துவர்கள் கூறுகிறார்கள்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் இருக்கும் ஒன்றை, 20 விநாடி நோக்குவது. இயல்பாக நிமிடத்துக்கு 15 முறை இமைக்கும் கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. எரிச்சலும் வறட்சியும் அதனால் வருபவை. நம் சன்னல் வழியே பள்ளிவாசல் மினாரா தெரிகிறது. 20 அடிக்கும் அப்பால்தான், அதைப் பார்த்துக்கொள்கிறோம்.

லண்டனிலுள்ள ஒரு மாணவியின் தந்தை நம் புதிய அமைப்பைத் திரையில் கண்டு சிரித்தார். அவர் வேலையில் சேர்ந்தபோதே நாற்காலி, மேசை, திரை பற்றி ஒரு படிவத்தை நிரப்பி வாங்கினார்களாம். பிரிட்டனில் 1992ஆம் ஆண்டு விதிகளின்படி, திரை முன் பணிபுரிபவரின் இடத்தை மதிப்பிடுவதும் கேட்டால் கண் பரிசோதனைக்குச் செலவு செய்வதும் முதலாளியின் கடமை. நம் தமிழ்நாட்டில் 2021இல், கடைகளில் நாளெல்லாம் நின்று பணிபுரிவோருக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. நல்ல சட்டம். நம் சமுதாயத்துச் சகோதரர்கள் பலர் பயண முகவர் அலுவலகங்களும் கணினி மையங்களும் கணக்கு எழுதும் அலுவலகங்களும் நடத்துகிறார்கள். தம் மேசைக்குச் சுழல் நாற்காலியும், பத்து மணி நேரம் திரை பார்க்கும் பணிப்பெண்ணுக்குக் கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டிருக்கும் இடங்களை நாம் நேரில் கண்டிருக்கிறோம். அடியார்களின் உரிமை என்று நாம் ஓதும் ஹக்குல் இபாத் சம்பள நாளோடு முடிந்துவிடுவதன்று. வீட்டிலிருந்தே தரவுப் பதிவும் மருத்துவக் குறியீட்டு வேலையும் செய்யும் நம் பெண்மக்களின் நிலை இன்னும் மறைவானது. சமையலை முடித்துவிட்டு, பிள்ளை உறங்கிய பின் அதே கட்டிலின் ஓரத்தில் அமர்கிறார்கள். வீட்டில் நாற்காலி இருக்கும், அது விருந்தினருக்கு.

மதரஸாவிலும் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். வளர்ந்த பிள்ளைகளுக்கு உயரமான பலகை செய்யச் சொல்லியிருக்கிறோம். ஓதும்போது முன்னும் பின்னும் அசையும் பிள்ளைகளை முன்பு அதட்டுவோம், இப்போது விட்டுவிடுகிறோம். கை மரப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு உறங்குகிறோம். மழை நாள்களில் இன்னும் சற்று மரக்கிறது.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பின் பயான் செய்யும் முறை மீண்டும் நமக்கு வந்தது. நாற்காலிகளைப் பற்றி முன்பு கூறியது தவறு என்று கூறினோம். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் அவரும் இருந்தார். கூட்டம் கலைந்தபின் நம்மைக் கையசைத்து அழைத்தார். நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கி, ஒரு கையைத் தரையிலும் மறு கையை நம் தோளிலும் ஊன்றி, நெற்றியை விரிப்பில் வைத்தார். எழுவதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆயிற்று. "இன்னைக்கு ஒண்ணு, ஹஜ்ரத்" என்றார். மஃரிபுக்கு மீண்டும் நாற்காலியில்தான் அமர்ந்தார். அதற்கடுத்த நாற்காலியை நாம்தான் அவருக்குப் பக்கத்திலிருந்து சற்று நகர்த்தி, அவர் கால் நீட்ட இடம் விட்டோம்.